பதினோரு சத்தம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சின்னவளும் சுகம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? கப்பலை வெட்டும்போது வாயில் துணி கட்டிக்கொள் என்று எத்தனை தடவைதான் சொல்வது! காதில் வாங்கினால்தானே.

இங்கே ஊர் தலைகீழாகக் கிடக்கிறது. மலையில் கல் உடைக்கிற நம் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். இனிமேல் எதுவும் பொது கிடையாதாம், எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரன் வேண்டுமாம், அப்போதுதான் நாடு உருப்படுமாம். அதிகாரி மேடை போட்டுப் பேசிவிட்டு வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். நம் கல்மலையில் அந்தந்த வீட்டுக்கு உள்ள பங்கு அது. அப்பா வீட்டுத் தாள் உன் பேரில் வந்திருக்கிறது.

மறுநாளே நம் அண்ணன் ஒரு லாரி நிறைய மின்விசிறியோடு வந்து இறங்கினான். தாளைக் கொடு, மின்விசிறியை எடு. நேற்றுவரை சங்க லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர் கேட்கவேண்டுமே! முந்திக்கொண்டு ஓடினார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "ஏம்ப்பா, மலையே போயிட்டா நாம எங்கப்பா போறது?" என்று கேட்டார். அண்ணன் கூட்டி வந்த ஆள் ஒருவன் நாற்காலியைத் தூக்கி அவர் வாயிலேயே அடித்தான். முன்பல் நான்கு போய்விட்டது. அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் அவர் வீட்டுக்கும் ஒரு மின்விசிறி அனுப்பிவைத்தான்.

உன் அத்தான் தாளைக் கொடுக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே. வெடிக்காரர் புத்தி. பன்னிரண்டு குழியில் மருந்து வைத்தால் பன்னிரண்டு சத்தம் காதில் விழவேண்டும். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கவேண்டும் என்றே திரியை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டுவார். ஒன்று குறைந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு யாரையும் உள்ளே விடமாட்டார், உள்ளே வரலாம் என்கிற அந்த நீள விசிலை ஊதமாட்டார். தாள் விஷயத்திலும் அதே பிடிவாதம். "உங்க அண்ணன் கையில எத்தனை சேர்ந்தாலும் ஒண்ணு குறையுது. குறையட்டும்" என்கிறார்.

அண்ணன் உனக்கும் எழுதுவான். அவசரப்படாதே.

அக்கா

மச்சான், நலமா? அக்கா என்னைப் பற்றிக் கோள் மூட்டியிருப்பாள், நம்பாதே. கண்ணாடி போடாமல் இரும்பு வெட்டும் கேஸ் குழாயைக் கையில் எடுக்காதே. கண் போனால் போனதுதான். — அத்தான்


பிப்ரவரி 21

அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்கு என் முத்தம். அத்தான் கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மண் மாதிரிதான் இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் வீட்டிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கிறது.

திட்டாதே அக்கா. உன் கடிதத்துக்கு முன்னாலேயே அண்ணன் கடிதம் வந்துவிட்டது. தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியும்விட்டேன். மூன்று வருடத்துக்கு முன் நான் மண்வெட்டியால் சங்கச் செயலாளர் மண்டையைப் பிளந்த அன்றைக்கு, என்னை லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டு ஊரைத் தாண்டிவிட்டது யார்? அண்ணன்தானே. அந்த வழக்கு இன்னும் என் பேரில் நிற்கிறது, ஊருக்குள் கால் வைத்தால் உள்ளேதான். அவன் ஒரே ஒரு கையெழுத்துக் கேட்டான். எப்படி மாட்டேன் என்பது?

நேற்று இங்கே மேல்தளத்திலிருந்து இரும்புத் தகடு விழுந்து இரண்டு பேர் நசுங்கிப்போனார்கள். அவர்களை ஓரமாக இழுத்து மூடி வைத்துவிட்டு எங்களை மறுபடி ஏறச் சொன்னார்கள். ஏறினோம். அத்தான் மாதிரி ஒரு ஆள் இங்கே இருந்திருந்தால் அவர்கள் செத்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது ஓடித் திரிகிறாள்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய், சரி. மலை இப்போது அண்ணனுடையது. அவன் மூன்று மாடி வீடு கட்டுகிறான். தரைக்குப் போடும் கல்லை வெளிநாட்டிலிருந்து இறக்குகிறான். கல்மலைக்கே சொந்தக்காரன், அவன் வீட்டுக்குக் கல் கப்பலில் வருகிறது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேற்று அண்ணியைப் பார்க்கப் போனேன். "பின்பக்கமா வா, முன்னால தரை ஈரமா இருக்கு" என்றாள். பின்பக்கம் கூலிக்கு நிற்கிறவர்களோடு நானும் நின்றேன். எல்லாரும் போன வருடம் என்னோடு சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

போன வாரம் பதினொரு சத்தம்தான் கேட்டது. அத்தான் விசிலை ஊதவில்லை. லாரி நிற்கிறது, ஊது என்றான் அண்ணன். ஒரு மணி நேரம் என்றார் இவர். எல்லார் முன்னாலும் அத்தானைக் கன்னத்தில் அறைந்தான், தம்பி. இவர் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை, விசிலைப் பிடித்தபடி நின்றார். பத்து நிமிடத்தில் அந்தப் பன்னிரண்டாவது குழி வெடித்தது. பாறை பிளந்து, ஆட்கள் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே வந்து விழுந்தது. அண்ணன் காரில் ஏறிப் போய்விட்டான். அவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. எனக்கு அதுதான் பயம்.

அக்கா

மச்சான், கன்னம் வீங்கவில்லை. உன் அக்கா ஒன்றைப் பத்தாக்குவாள். நீ அங்கே யார் வாயையும் உடைக்காமல் இரு. — அத்தான்


ஏப்ரல் 19

அக்காவுக்கு, நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே வாய் வரவில்லை.

அத்தானை அறைந்தானா? அத்தானையா! நான் சின்ன வயதில் குவாரியில் ஓடித் திரிந்தபோது என்னைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்து விட்டவர் அவர். அவரை அறைந்த கை இருக்கட்டும், நான் வந்து தோளோடு கழற்றுகிறேன். வழக்காவது மண்ணாவது. ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுகிறேன். இங்கே இரும்பையே வெண்ணெய் மாதிரி வெட்டுகிறேன், அவன் என்ன பெரிய இவன்?

தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு, இங்கு எல்லோரும் நலம். உன் நலத்துக்குக் கடிதம் எழுதவும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை அதிகம். குவாரியில் ஒரு விபத்து நடந்தது. பாறையில் துளை போடுகிறவரும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. எல்லாம் முடிந்துவிட்டது. நீ கவலைப்படவேண்டாம். லீவு போடவேண்டாம். இங்கே மழை இன்னும் வரவில்லை. சின்னவள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு, நான் நலம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் இதற்குப் பதில் சொல்.

கடிதத்துக்கு அடியில் அத்தான் ஏன் எழுதவில்லை? இந்த மூன்று வருடத்தில் அவர் எழுதாத கடிதம் ஒன்றுகூட என் பெட்டியில் இல்லை. பார்த்துவிட்டேன், எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பிப் பார்த்துவிட்டேன். "சொல்லச் சொன்னார்" என்கிறாய். ஏன் உன்னைச் சொல்லச் சொல்கிறார்? மழை வரவில்லை என்று எனக்கு எதற்கு எழுதுகிறாய்?

துளை போடுகிறவர் எப்படிச் செத்தார்? அத்தான் எண்ணாமல் விடுகிற ஆள் இல்லை.

தம்பி


ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு, நலம். நீ அநாவசியமாகக் குழம்புகிறாய். அத்தானுக்குக் கையில் காயம். அதனால்தான் எழுதவில்லை. ஆறிக்கொண்டு வருகிறது. வீட்டில்தான் இருக்கிறார். கட்டிலில் படுத்தபடி குவாரிச் சத்தத்தை எண்ணுவார். தினமும் நான் அடுப்படியில் இருக்கும்போது "பன்னெண்டு" என்று குரல் கொடுப்பார். யார் கேட்டார்கள்? இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கும் எண்ணி விரல் மடங்குகிறது.

ஊரில் நம் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறார்கள். ஒரு குழி வெடிக்காமல் இருக்கும்போதே அத்தான் விசிலை ஊதிவிட்டார் என்று சொல்கிறார்கள். போலீஸ் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டின் மேல் கல் விழுந்தது. ஓடு எல்லாம் போயிற்று. சின்னவளுக்கு நெற்றியில் ஆறு தையல். கதவுக்கு யாரோ தீ வைத்தார்கள், நானும் சின்னவளும் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டோம். துளை போடுகிறவரின் மனைவி தெருவில் நின்று மண்ணை வாரி வீட்டின் மேல் இறைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகள்.

நீ வரவேண்டாம். வந்தால் உன்னைப் பிடித்துவிடுவார்கள். என் மேல் ஆணை, வராதே.

அக்கா


ஆகஸ்ட் 8

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

இன்றைக்கு எங்கள் கப்பல் வெட்டுமிடத்தில் புது ஆட்களைச் சேர்த்தார்கள். வரிசையில் பொக்கை வாயோடு ஒருத்தர் நின்றார். நம் ஊர் முடிவெட்டுகிறவர். கடையை மூடிவிட்டு வந்துவிட்டாராம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கையில் காயமா, அக்கா? இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே இல்லை. இதற்குப் பேர் காயமா? ஆறிக்கொண்டு வருகிறதா? என்ன, கை முளைக்கிறதா?

அத்தான்தான் ஊதினார் என்று போலீஸ் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது யார் என்றும் சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடித்து, பொய் சொன்னால் மிச்சப் பல்லையும் எடுத்துவிடுவேன் என்றேன். "உங்க அக்கா கையெழுத்தை நானே பார்த்தேன், தம்பி" என்றார்.

அவர் ஊதவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஏன் போட்டாய்? என்ன கொடுத்தான்? மின்விசிறியா?

நானும்தான் கையெழுத்துப் போட்டேன். என்னுடையது முட்டாள்தனம். உன்னுடையதற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுது. இனி ஒன்றை மறைத்தாலும் எனக்கு அக்கா இல்லை.


செப்டம்பர் 12

அக்கா, ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அன்றைக்குக் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 22-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கப்பல் தகட்டில் ஒரு முழத் துண்டு வெட்டி, தினமும் வேலை முடிந்ததும் தீட்டுகிறேன். அண்ணனைப் பார்த்துவிட்டு நானே போலீசுக்குப் போய்விடுவேன். என்னைத் தூக்கில் போட்டாலும் பரவாயில்லை. அத்தானிடம் மட்டும் சொல்லிவிடு.

தம்பி


செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இடது தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, வலது கை நன்றாக இருக்கிறது, எழுத முடிகிறது. சின்னவள் நலம். அத்தான் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மறைப்புச் சுவருக்குப் பின்னால் அவரும் அண்ணனும் நானும்தான். மற்றவர்கள் எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஊதுவது யார் என்று அங்கிருந்து தெரியாது. "பதினொண்ணு. ஒண்ணு நிக்குது" என்றார் அத்தான். வெளியே ஒன்பது லாரி. "தாளைக் குடுக்காத திமிரை என் லாரிகிட்ட காட்டுறியா?" என்று அண்ணன் விசிலை அவர் கழுத்துக் கயிற்றோடு அறுத்து எடுத்து ஊதினான். நீளமாக ஊதினான். வழக்கமான விசில்தானே என்று பதினான்கு பேர் உள்ளே நடந்தார்கள். அத்தான் "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். முன்னால் இருந்தவரை இழுக்க இரண்டு கையையும் நீட்டினார். அப்போது வெடித்தது. கை போயிற்று, உயிர் தப்பியது. துளை போடுகிறவரின் உடம்பில் பாதியைத்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசற்படியில் அத்தானைக் கிடத்தியிருந்தார்கள். என் புடவையைக் கிழித்து இரண்டு கையிலும் கட்டியிருந்தேன், கட்டு நனைந்து படியில் வழிந்தது. அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டினான். "போடு. செலவு என்னோடது. போடலைன்னா உன் புருஷன், உன் பாடு." தம்பி, நான் படித்துப் பார்த்துத்தான் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். காகிதத்தில் ரத்தம் பட்டுவிட்டது என்று வேறு காகிதம் எடுத்து மறுபடியும் போடச் சொன்னான். மறுபடியும் போட்டேன்.

நினைவு திரும்பியதும் அத்தானிடம் சொன்னேன். "சரி விடு" என்றார். அடித்திருக்கலாம் என்று இருந்தது. எந்தக் கையால் அடிப்பார்?

உன் டிக்கெட் கடிதம் இந்த மாதம் 20-ஆம் தேதி வந்தது. நீ வந்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நானே உண்மையைச் சொல்லிவிடலாம், சட்டம் அவனைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் துளை போடுகிறவரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். விறகுக் கட்டையை எடுத்து அடித்தாள். நான் தடுக்கவில்லை. தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு என் முடியைப் பிடித்து, "இதை அங்க வந்து சொல்லுடி, எல்லாரும் கேக்கட்டும்" என்று தெரு நெடுக இழுத்துக்கொண்டு போனாள். குவாரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் முதல் வெடி வெடித்தது. புதிதாக வந்த வெடிக்காரன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான், அவன் எண்ணவில்லை. விசில் இப்போது அண்ணன் கழுத்தில்தான். வலி உயிர் போகிறது, ஆனாலும் என் விரல் தானாக மடங்கியது.

பதினொன்று.

அண்ணன் ஊதினான். ஆட்கள் கிளம்பினார்கள். அதற்குள் அவள் என்னை முன்னால் தள்ளி, "சொல்லு!" என்றாள். சொன்னேன். அன்றைக்கு ஊதியது யார், காகிதம் எப்படி வந்தது, எல்லாம் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. "பொய் சொல்றா. போங்கடா உள்ள" என்று கத்தினான். எங்கிருந்தோ ஒரு கடப்பாரை பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டது. கண்ணெல்லாம் ரத்தம். அவன் ஆட்கள் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அடுத்து ஒரு கல் வந்து முழங்காலில் விழுந்தது.

அப்போதும் அவனுக்குத் திமிர் இறங்கவில்லை. "பயந்தாங்கொள்ளிப் பசங்களா! நான் ஊதினா ஊதினதுதான். நானே போறேன், பாத்துக்கங்க" என்றான். நொண்டிக்கொண்டே நடந்தான். பாதி வழியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன, வெடிக்காரன் பொண்டாட்டி! உன் புருஷன் கணக்குல எத்தனை?" என்று கேட்டான். சிரித்தான்.

தம்பி, நான் வாயைத் திறக்கவில்லை.

பதறிப்போய் வாய் அடைத்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நன்றாகச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு எண். நாக்கு நுனியில் இருந்தது. அவன் என்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது நினைவு வந்தது. அத்தானின் கை நினைவு வந்தது. உன் டிக்கெட்டும் நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் பாறைக்குக் கிட்டே போய், "பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அப்படியே வெடித்தது. அவன் கழுத்திலிருந்த விசில் என் காலடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அவன் உடம்பில் கிடைத்ததை அண்ணியிடம் ஒரு பெட்டியில் கொடுத்தார்கள், திறந்து பார்க்க விடவில்லை.

போலீஸ் என்னிடம், "உனக்கு எத்தனை சத்தம்மா கேட்டுச்சு?" என்று கேட்டது. எண்ணவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கையெழுத்துப் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். தினமும் நான் கேட்காமலே எண் சொல்கிறவர், அன்றைக்கு என்னைக் கேட்டார். "எத்தனை?"

"பன்னெண்டு. பன்னெண்டும் வெடிச்சாச்சு" என்றேன். பொய் இல்லை.

"பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல ரொம்ப நேரம் இருந்துச்சே. நீ அங்கதானே நின்னே?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. தீட்டியதைக் கடலில் போடு. நீ வந்து செய்வதற்கு இங்கே ஒன்றும் மிச்சமில்லை. துணி கட்டிக்கொண்டு வேலை செய், இருமலுக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு.

அக்கா

கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அத்தான் சொல்லச் சொல்ல எழுதுவதற்குச் சின்னவள் பேனாவோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் வந்துவிட்டார், அப்படியே அனுப்புகிறேன்.